இருபதே நிமிஷம்

தாம்பரத்துச் சித்தப்பாவிடம் நீங்கள் சென்னைக்கு வருகிற தேதியை மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னீர்களோ, எழும்பூரில் பார்த்துப் பார்த்துப் போட்ட அறை போயிற்று. "லாட்ஜா? நான் இருக்கும்போது எதுக்குப்பா லாட்ஜு? பேசாம தாம்பரத்துலயே இறங்கிரு. எழும்பூர் வரைக்கும் போய் என்ன பண்ணப் போற?" என்பார். வேலையே எழும்பூர்ப் பக்கம்தான் என்று சொல்லிப் பாருங்கள். "அதான் சொல்றேன், இங்கிருந்து இருபதே நிமிஷம்."

இவர் எல்லோர் குடும்பத்திலும் உண்டு. சிலருக்குப் பெரியம்மா மகன், சிலருக்கு மச்சான், சிலருக்கு அப்பாவோடு ஒரே ஆபீசில் குப்பை கொட்டியவர். வீடு சேலையூரில் இருக்கலாம். குரோம்பேட்டை, ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கேட்டால் தாம்பரம் என்பார். கொஞ்ச நேரம் பேசவிட்டால் அந்தத் தாம்பரமும் சென்னையாகிவிடும்.

சென்னையில் எங்கே தங்குவது என்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையில் குழப்பமே கிடையாது. காலையில் வந்து இறங்கி, வேலையை முடித்துக்கொண்டு ராத்திரியே ரயிலேறுகிறவருக்கு எழும்பூர் ஸ்டேஷன் எதிரே கென்னத் லேன். வேலை தேடி வருகிற பையனுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிற கூட்டத்துக்கு தி.நகர். மார்கழிக் கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு மயிலாப்பூர். வைத்தியத்துக்கு என்றால் கிரீம்ஸ் ரோடு. கல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிற நோயாளிகள்கூட அந்தப் பக்கத்துச் சந்துகளில்தான் அறை எடுக்கிறார்கள். டாக்டர் கூப்பிட்டால் நடந்தே போய்விடலாமே. வேலை எங்கேயோ அங்கே படுக்கை. இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சித்தப்பா இந்தப் பட்டியல் முழுவதையும் ஒரே மூச்சில் அடித்துவிடுவார். "எழும்பூரா, கொசு பிச்சிரும். மேன்ஷனா, பாத்ரூமுக்கு வரிசையில நிக்கணும். தி.நகரா, ரங்கநாதன் தெருவுல காலு தரையில படாது. மயிலாப்பூரா, வண்டி நிறுத்த இடம் கிடையாது." நம்மிடம் நிறுத்துவதற்கு வண்டியே கிடையாது என்பது அவருக்குப் பொருட்டில்லை. தாம்பரம் தவிர மற்ற எல்லா இடமும் கழிந்தால் சரி.

அந்த இருபது நிமிஷத்தை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சித்தப்பா கணக்கில் பிரயாணம் என்பது தாம்பரம் பிளாட்பாரத்தை விட்டு ரயில் நகரும்போதுதான் தொடங்குகிறது. வீட்டிலிருந்து கேம்ப் ரோடு வரைக்கும் நடப்பது கணக்கில் வராது, "அது காலாற ஒரு நடை." ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பும்வரை காத்திருப்பது வராது, "அது அவன் பண்ற வேலை, அதுக்கு நாம என்ன பண்றது?" வேளச்சேரி மெயின் ரோட்டில் வண்டி நகராமல் நிற்பது வராது, "இன்னிக்கு என்னமோ தெரியல." இந்த இன்னிக்கு என்னமோ வாரத்துக்கு ஏழு நாளும் உண்டு. டிக்கெட் வரிசை வராது; "போன்லயே எடுத்திருக்கலாம்ல?" நடைமேம்பாலம் ஏறி இறங்குவது வராது, அது உடம்புக்கு நல்லது. அந்தப் பக்கம் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோக்காரரோடு பேரம் பேசுவது சுத்தமாக வராது. அது சென்னைக்காரன் கோளாறு. அந்த நேரத்தில் மட்டும் தாம்பரம் சென்னையிலிருந்து பிரிந்துகொள்ளும்.

இத்தனையும் கழித்துவிட்டால் மிச்சம் ரயில் ஓடுகிற நேரம். அதுவாவது இருபது நிமிஷமா? தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் நடுவே பதின்மூன்று ஸ்டேஷன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு. ஒவ்வொன்றிலும் நின்று, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக்கொண்டு போக முக்கால் மணி நேரத்தை நெருங்கும். இதை எடுத்துச் சொன்னால் அசரமாட்டார். "நீ சொல்றது சாதா லோக்கல். ஃபாஸ்ட் இருக்கே?" "அது எத்தனை மணிக்கு சித்தப்பா?" "அது இப்பதான் போச்சு."

இருபது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். பாரிமுனையில் வேலை. தாம்பரம் – கடற்கரை சீசன் டிக்கெட்டிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். வண்டி கிளம்புகிற இடமே தாம்பரம் என்பதால் ஜன்னல் சீட்டு அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. குரோம்பேட்டையில் கண்ணை மூடினால் பார்க் ஸ்டேஷனில் திறப்பார். விழித்திருந்த நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள், இருபது நிமிஷம் கச்சிதமாக வரும். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

மெரினா இருபது நிமிஷம். வடபழனி இருபது நிமிஷம். அண்ணா சாலையில் விசா நேர்காணலா, "அது என்ன, இருபது நிமிஷம்." மாமல்லபுரத்துக்கு மட்டும் தாராள மனசோடு அரை மணி கொடுப்பார், அது வேறு ஊர் என்பதால். வேடிக்கை என்னவென்றால், விமான நிலையம் நிஜமாகவே பக்கம்தான். நாலாவது ஸ்டேஷன் திரிசூலம், எதிரே ஏர்போர்ட். வண்டலூர் உயிரியல் பூங்காவும் பக்கம்தான். ஆனால் இவற்றைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் சுரத்தே இருக்காது. உள்ளதைச் சொல்வதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது?

ஒருமுறை அம்மாவை கிரீம்ஸ் ரோடு பக்கம் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. காலை ஒன்பது மணிக்கு டோக்கன். ஏழு மணிக்கே கிளம்பலாம் என்றேன். "அவ்வளவு சீக்கிரம் போய் அங்க என்ன, கதவத் திறக்கப் போறியா?" என்று இட்லியை இன்னும் இரண்டு வைக்கச் சொன்னார். அம்மா எக்ஸ்ரே கவர் நீட்டிக்கொண்டிருக்கிற மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். துணைக்கு நானும் வருகிறேன் என்று சித்தப்பாவும் புறப்பட்டார். ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு வண்டி வந்து நின்றது. அதில் ஏறக் கூடாது என்று கையை நீட்டி மறித்தார். "இது செங்கல்பட்டு வண்டி. நின்னுக்கிட்டே போகணும். நம்ம வண்டி பின்னாடி வருது, இங்கயே கிளம்புறது, உக்காந்து போகலாம்." நம்ம வண்டி வந்தது. உட்கார்ந்தோம். வண்டியும் எங்களோடு உட்கார்ந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது டோக்கன் தாண்டிப்போய், கடைசி ஆளாக உட்காரச் சொல்லிவிட்டார்கள். அம்மா கால் வீங்கி, மத்தியானம் வரை அந்த நாற்காலியில். சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரயில்ல ஏறுனதுக்கப்புறம் எவ்வளவு நேரம்? நீயே சொல்லு."

இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயாளியை அழைத்து வருகிறவனுக்குத் தெரியும், எந்த இடத்தில் படுத்தால் எத்தனை படி ஏற வேண்டியிருக்கும் என்று. ரிசல்ட் சாயங்காலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நடுவில் தலை சாய்க்க ஓர் அறை வேண்டும். அந்த அறையைத்தான் சித்தப்பா பாசத்தின் பேரால் ரத்து செய்ய வைத்தார். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் காசு மிச்சம் என்பார்கள். நோயாளியோடு வருகிறவனுக்கு மிச்சமாக வேண்டியது காசு மட்டும் இல்லை.

எதிர்த்து வாதாடலாம் என்று நினைத்தால், சரித்திரத்தை எடுத்துக்கொண்டு வருவார். இதில் அவரை மடக்க முடியாது, சொல்வதெல்லாம் உண்மை. "1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்னு ஒரு வெள்ளக்காரர் பல்லாவரத்துலதான் கற்காலக் கோடாரியக் கண்டுபிடிச்சார். கற்கால மனுசனே தங்குறதுக்கு நம்ம பக்கத்தத்தான் பாத்திருக்கான். எழும்பூருக்கா போனான்?" அடுத்தது 1928. டாக்டர் டேவிட் சவரிமுத்து காசநோய்க்கு சானடோரியம் ஆரம்பித்தது இங்கேதான். "காசு குடுத்தாலும் கிடைக்காத காத்துப்பா. டாக்டரே பாத்து இடம் பிடிச்சிருக்கார்." அப்புறம் துருப்புச் சீட்டு: 1938 டிசம்பர். உலகக் கிறிஸ்தவ மிஷனரி மாநாடு சீனாவில் ஹாங்சௌ நகரத்தில் நடக்க வேண்டியது. அங்கே ஜப்பான் படையெடுத்துவிட்டதால், அப்போது தாம்பரத்துக்குக் குடிவந்து ஓரிரண்டு வருஷமே ஆகியிருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்கு மாற்றினார்கள். நானூறுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். "உலகமே வந்து தாம்பரத்துல தங்கிச்சு. உனக்கு மட்டும் கென்னத் லேன் கேக்குதா?"

நான் பணிவாகச் சொல்லிப் பார்த்தேன்: அந்தப் பிரதிநிதிகளுக்கு மாநாடும் தாம்பரத்திலேயே இருந்தது சித்தப்பா. சானடோரியத்துக்கு வந்தவருக்கு வைத்தியமும் சானடோரியத்திலேயே. கற்கால மனிதனுக்கு ஒன்பது மணி டோக்கன் கிடையாது. சித்தப்பா காதில் வாங்கவில்லை. காபி ஆறுகிறது என்றார்.

மற்ற சேட்டைகளை விவரிக்க இடமில்லை. கிழக்குத் தாம்பரத்துக்காரரான அவர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தை ஊராகவே சேர்ப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் படகு விட்டார்களே என்று கேட்டால், "அது மேற்கு" என்று ஒரே வார்த்தையில் அடையாற்றைத் தள்ளிவிடுவார். தீபாவளி, பொங்கல் சமயத்தில் மட்டும் அவர் வாதத்துக்கு வலு கூடும். சென்னை மொத்தமும் ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து பெருங்களத்தூர் தாண்டத் தவிக்கிறபோது, "நீ இங்க தங்கியிருந்தா பாதி ஜாமைத் தாண்டி உக்காந்திருப்ப" என்பார். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சென்னையை விட்டுக் கிளம்புவதற்குத் தாம்பரத்தைவிடத் தோதான இடம் கிடையாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. இதே சித்தப்பா மதுரைக்கு வருவார். எங்கள் வீடு திருநகரில். திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, நல்ல காற்று, வாசலிலேயே பஸ், மதுரைக்குத் தாம்பரம் மாதிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாடியில் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. அவர் வந்து தங்குவதோ ஸ்டேஷன் பக்கம் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில். ஏன் சித்தப்பா என்றால், "கோயிலுக்கு நடந்தே போயிரலாம்ல. திருநகர்ல இருந்து தினமும் யாரு அலையிறது? உனக்கு ஊரே தெரியலப்பா." எனக்கு மதுரை தெரியாது என்று தாம்பரத்திலிருந்து வந்து சொல்கிறார். அந்த லாட்ஜ் ரிசப்ஷனில் நின்றுகொண்டு, திருநகர் இருபதே நிமிஷம் என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்தது. பெரியவரிடம் அப்படிப் பேசக் கூடாது என்று வளர்த்துவிட்டார்கள்.

பிறகுதான் சித்தி ஒரு நாள் விளக்கினாள். எண்பதுகளின் கடைசியில் அவருடன் வேலை பார்த்தவர்கள் அசோக் நகரிலும் வேளச்சேரியிலும் மனை தேடிக்கொண்டிருந்தபோது, கைக்கு எட்டின விலையில் இவர் சேலையூரில் ஒரு கிரவுண்டு வாங்கினார். தெருவில் விளக்கு கிடையாது, தண்ணீர் கிடையாது, மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு நடை. ஆபீசில் கேலி. "ஏம்ப்பா, ராத்திரி நரி ஊளையிடுமா?" என்று கேட்பார்களாம். அன்றைக்கு ஆரம்பித்தது இந்த இருபது நிமிஷம். நாம் தங்கும் இடத்தைப் பற்றி யோசனை கேட்கிறோம் என்று நினைக்கிறோம். அவர் காதில் விழுவது வேறு கேள்வி: போயும் போயும் இங்கேயா மனை வாங்கினாய்? அதற்குத்தான் இத்தனை வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே வந்து படுக்கிற ஒவ்வொரு விருந்தாளியும் அவருக்கு ஒரு சாட்சி.

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அந்த இருபது நிமிஷத்த நானுந்தான் தேடுறேன்" என்றாள் சித்தி, குரலைத் தாழ்த்தி. "நீ எழும்பூர்லயே ரூம் போட்டுக்க. ஞாயித்துக்கெழம மட்டும் சாப்பிட வந்திரு. அன்னிக்குக் காலையிலதான் தாம்பரத்துல இறங்கினதா அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்." அவள் வைக்கிற மீன் குழம்புக்காக ஐந்து ஷேர் ஆட்டோ மாறினாலும் தகும் என்பதால் இந்த உடன்படிக்கை இன்றுவரை நீடிக்கிறது.

காலமும் சித்தப்பா பக்கமே சாய்ந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. அன்றிலிருந்து "எங்க மேயர்" என்றுதான் பேச்சு. தெற்கே போகிற ரயில்களில் பல தாம்பரத்திலிருந்தே கிளம்புகின்றன. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து முனையம் திறந்தார்கள். கோயம்பேடு வரை போய்க்கொண்டிருந்த வெளியூர் பஸ்கள் வண்டலூருக்கு அப்பாலேயே நம்மை இறக்கிவிட ஆரம்பித்தன. இவ்வளவு தொலைவில் கொண்டுபோய் வைத்துவிட்டார்களே என்று ஊரெல்லாம் புலம்பல். சித்தப்பா வீட்டில் மட்டும் கேசரி. "நான் அப்பவே சொன்னேன்ல? சென்னை இனிமே இந்தப் பக்கம்தான்." 2025-ல் ஏசி லோக்கல் வந்ததும் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

போன ஞாயிறு விருந்தில்தான் அவருக்கு ஆப்பு வந்தது. சித்தியின் தம்பி வந்திருந்தார். புதிதாக கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார். இலையில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

"ஏன் மாப்ள, அடுத்த தடவ தாம்பரத்துல எல்லாம் இந்த நெருக்கடியில கெடக்காத. கூடுவாஞ்சேரிக்கு வந்திரு. கிளாம்பாக்கம் நம்ம வாசல். காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து. தாம்பரம் என்ன, பத்தே நிமிஷம்."

சித்தப்பா கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தார்.

"பத்து நிமிஷமா? உன் வீட்டுல இருந்து கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு நடக்குறது யாரு கணக்கு? டிக்கெட் எடுக்குறது? வண்டிக்கு நிக்கிறது? ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர்னு நின்னு நின்னு வர்றது? இங்க இறங்கிப் படி ஏறி வர்றது? எல்லாத்தையும் கூட்டிச் சொல்லணும்ப்பா. வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசலுக்குச் சொல்லணும். சும்மா ரயில் ஓடுற நேரத்தச் சொல்லி ஊர ஏமாத்தக் கூடாது."

எனக்குப் புரை ஏறியது. சித்தி தண்ணீரை நகர்த்தி வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"அதோட அது சென்னையே கிடையாது" என்று தொடர்ந்தார் சித்தப்பா. "செங்கல்பட்டு ஜில்லா."

"அத்தான், சேலையூரும் அதே ஜில்லாதான். 2019-ல காஞ்சிபுரத்தப் பிரிச்சப்பவே தாம்பரம் தாலுகாவை அதுலதான் சேத்தாங்க."

சித்தப்பா ஒரு கணம் தடுமாறினார். பிறகு நிமிர்ந்தார். "உன் பின்கோடு என்ன?"

"603 202."

"எங்களுது 600 073. அறுநூறு! பாத்துக்க. சென்னை-73ன்னு எழுதி ஒரு லெட்டர் போட்டுப் பாரு, வந்து சேருதா இல்லையான்னு."

"லெட்டர் யாரு அத்தான் போடுறா இப்ப?"

சித்தப்பா எழுந்து, கை கழுவாமலேயே, பீரோவில் இருக்கிற பழைய பத்திரத்தை எடுக்கப் போனார். மச்சான் செல்போனில் வரைபடத்தைத் திறந்து, விரலால் கிலோமீட்டரை அளக்க ஆரம்பித்தார். எனக்கு மோர் ஊற்றிக்கொண்டே சித்தி சொன்னாள்: "சாப்பிட்டுட்டு நீ கிளம்புப்பா. இவங்க முடிக்கிறதுக்குள்ள நீ எழும்பூருக்குப் போய், ஒரு தூக்கம் தூங்கியே எந்திரிச்சிரலாம்."